டூனா பாஸ்தா சாலட்: முதல் நாளும் மூன்றாம் நாளும்

ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகச் செய்து, டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டால் வாரம் முழுவதும் அலுவலகச் சாப்பாட்டுக் கவலை இல்லையே, டூனா பாஸ்தா சாலட் அதற்குச் சரிப்பட்டு வருமா என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். லண்டனுக்கு அவள் புதிது. இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து சூப்பர்மார்க்கெட்டின் குளிர் அலமாரி வரை எங்கே பார்த்தாலும் டூனாவும் ஸ்வீட்கார்னும் கலந்த பாஸ்தாதான் கண்ணில் படும். நானும் பல வருடங்களாக வீட்டில் செய்து, வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

செய்முறையில் சொல்ல அதிகமில்லை. 200 கிராம் ஃபுசில்லி என்ற முறுக்கு வடிவப் பாஸ்தா, இரண்டு டின் டூனா, ஒரு கை ஸ்வீட்கார்ன், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், மயோனைஸ், எலுமிச்சைச் சாறு, மிளகு. அடுப்பில் ஏறுவது ஒரே பாத்திரம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சன்னலைத் திறக்க முடியாத குளிர்காலத்தில், சின்னக் குடியிருப்பில் மீன் பொரித்தவர்களுக்குத் தெரியும், அந்த வாடை எத்தனை நாள் திரைச்சீலையில் தங்கும் என்று. இதில் அந்தத் தொல்லையே கிடையாது. கலந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் உண்மையிலேயே அருமையாக இருக்கும். சில்லென்ற பாஸ்தா, இடையிடையே சோளத்தின் இனிப்பு, எலுமிச்சையின் புளிப்பு, அதன் பின்னால் மிளகுக் காரம். வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்காமல் எழுந்ததில்லை.

டின் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள், வடித்த எடையையும் பாருங்கள். என் அலமாரியில் இருக்கும் டின்னில் மொத்தம் 145 கிராம். வடித்தால் மீன் 102 கிராம்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் நம் சூரை மீன். வலை வீசாமல் தூண்டிலில் பிடித்தது என்று அச்சிட்ட டின்களைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் மாலத்தீவு என்று இருக்கும். அதே சூரையை அங்கே அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் அதுதான் மாசி. சம்பலுக்கு மாசி இடித்துப் போடும் வீடுகளுக்கு இந்த மீன் ஒன்றும் அந்நியமில்லை. வாரம் முழுவதும் இதையே சாப்பிட நினைக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி: கர்ப்பிணிகள் வாரத்துக்கு நான்கு டின்னுக்கு மேல் டூனா சாப்பிட வேண்டாம் என்று இங்குள்ள தேசியச் சுகாதாரச் சேவை சொல்கிறது. மீனில் சேரும் பாதரசம்தான் காரணம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்தச் சாலட் காய்ந்து போகிறது. எனக்கு இதன் மீது இருக்கும் ஒரே கோபம் இதுதான், ஆண்டுகள் போயும் அது தணியவில்லை.

மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்து பாருங்கள். ஃபுசில்லியின் முறுக்குப் பள்ளங்களில் முந்தைய இரவு பளபளவென்று தேங்கி நின்ற மயோனைஸைக் காணோம். பள்ளங்கள் மங்கி, வெளிறிக் கிடக்கின்றன. டூனாவின் நார்கள் பாஸ்தாவின் விளிம்புகளில் ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. முள்கரண்டியால் ஒன்றைக் குத்தினால் ஐந்தாறு சேர்ந்து கட்டியாக எழும்புகின்றன. வெள்ளரிக்காய் சேர்த்திருந்தால் இன்னும் மோசம்: மேலே வறட்சி, டப்பாவின் மூலையில் வெள்ளரி விட்ட தண்ணீர். அந்தத் தண்ணீரையாவது பாஸ்தா இழுத்துக்கொண்டதா என்றால், இல்லை.

காரணம் புரியாமல் இல்லை. வடித்து இறக்கிய பிறகும் பாஸ்தாவின் மாவுச்சத்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய். முட்டையின் மஞ்சள் கருதான் அந்த எண்ணெயையும் கொஞ்சம் வினிகரையும் பிரியவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் பாஸ்தா உறிஞ்சிக்கொண்டால் மிஞ்சுவது வெறும் பிசுக்கு. போதாக்குறைக்கு, ஃபிரிட்ஜின் குளிரில் மாவுச்சத்து இறுகி, இதமாக வெந்திருந்த பாஸ்தாவும் விறைத்துவிடுகிறது. காய்ந்துவிட்டதே என்று மேலும் மயோனைஸ் போட்டால் ஈரம் திரும்பாது, எண்ணெய்தான் கூடும். கொழுப்புக் குறைந்த மயோனைஸ் இதற்குத் தீர்வு என்பார்கள். அதில் முதல் பொருளே தண்ணீர்தான். என் அனுபவத்தில் அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் காணாமல் போகிறது.

இதற்கு வழி எனக்குக் கிடைத்தது எந்த மேல்நாட்டுச் சமையல் குறிப்பிலும் இல்லை, தயிர் சாதத்தில். ரயில் பயணத்துக்குத் தயிர் சாதம் கட்டுகிறவர்கள் எப்படிப் பிசைகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சாதத்தைக் குழைய வடித்து, பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரைப் பேருக்குக் கொஞ்சம் விட்டு, தளரத் தளரப் பிசைவார்கள். பிசையும்போது நீர்த்துத் தெரிய வேண்டும். அப்போதுதான் மதியம் இலையில் வைக்கும்போது பதமாக இருக்கும். அரிசிக்கும் கோதுமைக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை, உறிஞ்சுவது இரண்டிலும் மாவுச்சத்துதான்.

ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுகிறேன். சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு அது குழைவு, குளிரில் இறுகப்போகிற பாஸ்தாவுக்கு அது சரியான பதம். வேகவைக்கும் தண்ணீரில் உப்பு நன்றாகவே இருக்க வேண்டும், லிட்டருக்கு 10 கிராம் என்பது இத்தாலியர் கணக்கு. சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு உப்பு குறைவாகவே தெரியும், பிறகு மேலே தூவினாலும் உள்ளே இறங்காது. வடித்ததும் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, நன்றாக உதறி, டூனா டின்னின் எண்ணெயில் இரண்டு கரண்டி விட்டுப் பிசறுகிறேன். அதனால் இப்போதெல்லாம் தண்ணீரில் போட்ட டூனாவை வாங்குவதில்லை, ஆலிவ் எண்ணெயில் போட்டதைத்தான் வாங்குகிறேன். தண்ணீர் டூனாவை வடித்துப் பிழிந்தால் அந்த வறண்ட நாரும் பாஸ்தாவோடு சேர்ந்து மயோனைஸை இழுக்கத் தொடங்கிவிடும். எண்ணெயில் ஊறிய மீனுக்கு அந்தத் தாகம் இல்லை, அந்த எண்ணெயில் மீனின் சுவையும் இறங்கியிருக்கிறது. பிறகு நான்கு மேசைக்கரண்டி மயோனைஸோடு இரண்டு கரண்டி தயிரும் மூன்று கரண்டி பாலும் அடித்துக் கலந்து ஊற்றுகிறேன். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகத் தேங்கி நிற்கும். பார்க்கிறவர்கள் கை தவறி ஊற்றிவிட்டதாக நினைப்பார்கள். நினைக்கட்டும். காலையில் ஒரு சொட்டு மிஞ்சியிருக்காது.

முதன்முதலாக அப்படிச் செய்து மறுநாள் டப்பாவைத் திறந்தபோது அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு. பாஸ்தா உதிரி உதிரியாக, பள்ளங்களில் ஈரம் தேங்கியபடியே இருந்தது. இதைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி நம்மூர்ச் சுவைக்கு மாற்றிவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் சமையல் அறிவு இதற்குத் தேவைப்படுவது பதத்தில்தான், தாளிப்பில் இல்லை.

ஆனால் அந்த வித்தையும் இரண்டாம் நாளோடு சரி. மூன்றாம் நாள் பால், தயிர், எண்ணெய் எதுவும் எடுபடுவதில்லை. வெங்காயத்தாள் எல்லாச் சுவையையும் அமுக்கிவிட்டு, தான் மட்டும் நிற்கிறது. எலுமிச்சையின் துடிப்பு மங்கிவிடுகிறது. சோளத்தின் தோல் பல்லில் சிக்குகிறது. கொஞ்சம் பால் தெளித்துக் கிளறினால் சற்று இளகும், ருசி திரும்பாது. ஃபிரிட்ஜ் என்பது கெடாமல் வைப்பதற்கு, ருசியாக வைப்பதற்கு இல்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி 'மூன்று நான்கு நாள் தாங்கும்' என்று எழுதிவிட்டுப் போவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. டூனா சாலட் வகைகளுக்கு மூன்றிலிருந்து நான்கு நாள் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கு. பிரிட்டனின் உணவுத் தர அமைப்போ மிஞ்சிய உணவை 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்கிறது. இரண்டு கணக்கும் வயிற்றுக்கானவை. நாக்கின் கணக்கை யாராவது எழுத வேண்டாமா?

வயிற்றைப் பற்றி வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சூரை இன மீன்களை வெதுவெதுப்பில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், சூடுபடுத்தினாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு என்று ஆளைப் படுத்திவிடும். திறந்த டின்னிலேயே மீதி மீனை வைக்காதீர்கள். அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஐஸ் பொதியோடு கொண்டு போங்கள்.

நியாயமாகப் பார்த்தால் இதைக் குறை சொல்லக் கூடாது. இதைவிடச் சுலபமாக, இதைவிட நிறைவாக, ஒரு பாத்திரத்தில் முடிகிற மதிய உணவு எனக்குத் தெரியாது. பணமும் அதிகம் ஆகாது. விருந்தாளி வந்தால் கூச்சமில்லாமல் மேசையில் வைக்கலாம். இவ்வளவும் உண்மை. இன்று மதியம் நான் திறந்ததோ மூன்றாம் நாள் டப்பா. நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டுக் கீழே போய் சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஆகவே தோழிக்கு என் பதில்: வாரம் முழுவதற்கும் என்றால் வேண்டவே வேண்டாம். ஞாயிறு இரவு 100 கிராம் பாஸ்தாவுக்கு மேல் வேகவைக்காதே. திங்கள் மதியத்தோடு அதை முடித்துவிடு. செவ்வாய்க்கிழமைக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போ.