சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் போதாது: ஓடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

வீட்டில் ஒலிப்பதிவு செய்வதற்காகக் கொழும்பில் ஓடியோ இன்டர்ஃபேஸ் (ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் கருவி) வாங்கப் புறப்படுகிறவர்கள், கடைப்படி ஏறும் முன் இதை வாசித்துவிடுங்கள். பாவித்த பழைய கருவி ஒன்றைப் புதிய பெட்டிக்குள் வைத்து எனக்கு விற்றுவிட்டார்கள். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. அதைவிட, அந்தக் கருவியால் வீணான நான்கு நாட்களை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

என் பெரியப்பா மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து பழக்கிய அண்ணாவியார். வயது 78. பாத்திரங்கள் களரிக்கு வரும்போது பாடும், அவருக்கு மனப்பாடமாக இருக்கும் வரவுப் பாட்டுகளில் பல எந்தக் கொப்பியிலும் இல்லை. கண் கிளினிக்குக்காக வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்குகிறார் என்றதும், இந்த முறை எல்லாவற்றையும் பதிந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கண்டென்சர் ஒலிவாங்கி ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கணினியோடு இணைக்க இன்டர்ஃபேஸ்தான் இல்லை.

குரலுக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று என்று இரண்டு உள்ளீடுகள் தேவைப்பட்டன. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற மாடல் போதும் என்று தோன்றியது. நான்காம் தலைமுறை 2023இல் வந்துவிட்டதால் 2019இல் வெளியான மூன்றாம் தலைமுறை சற்று மலிவாக இருக்கும் என்று தேடினேன். ஒரு கடையில் கிடைத்தது. கடையின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. நடந்ததற்குக் கருவியைத் தயாரித்தவர்கள் பொறுப்பல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதிகிறது என்பதைக் காட்டும் 192 கிலோஹேர்ட்ஸ் என்ற எண்ணையே கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 கிலோஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். பதியும் எண்ணில் பாதி வரையான ஒலி பிடிபடும் என்பதால், 48இல் பதிந்தாலே 24 வரை பிடிபட்டுவிடும். குரலுக்கும் மத்தளத்துக்கும் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தாராளம்.

"சோதித்துக் காட்டுங்கள் ஐயா" என்று கேட்டேன். தயங்காமல் செய்தார். கடையின் மடிக்கணினியில் இணைத்தார், 48 வோல்ட் பொத்தானை அமுக்கினார், சிவப்பு விளக்கு எரிந்தது. கடை ஒலிவாங்கியைக் கையில் எடுத்து "ஹலோ, ஹலோ" என்றார். ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. காசைக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சோதனையால் எதுவுமே நிரூபணமாகவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அவர் பேசியது டைனமிக் ஒலிவாங்கியில். அதற்கு அந்த 48 வோல்ட் தேவையே இல்லை, ஆளியைப் போட்டாலும் போடாவிட்டாலும் பாடும். கண்டென்சர் ஒலிவாங்கிக்குத்தான் அந்த மின்சாரம் உயிர். பான்டம் பவர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். விளக்கு எரிவதால் பொத்தான் அமுங்கியிருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், உள்ளே எத்தனை வோல்ட் போகிறது என்பது தெரியாது.

அன்றிரவு மெல்லிய குரலில் பேசிப் பதிந்தேன். குறை எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கூத்துப் பாட்டு திறந்த வெளியில், ஊரே கேட்கப் பாடுவது. முதல் உச்சத்தை எட்டியதும் ஹெட்போனில் குரல் கிழிந்தது. உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் திருகியைக் குறைத்தேன், மறுபடி கிழிந்தது. இன்னும் குறைத்தேன். அந்தத் திருகியைச் சுற்றி ஒரு விளக்கு வளையம் உண்டு, உள்ளீடு அளவுக்கு மிஞ்சினால் சிவக்கும். அது பச்சையாகவே இருந்தது. வளையம் பச்சையாக இருக்கும்போதே குரல் கிழிகிறது என்றால், பழுது இன்டர்ஃபேஸை எட்டும் முன்னரே, ஒலிவாங்கிக்குள்ளேயே நடக்கிறது. மின்சாரம் போதாத கண்டென்சர் மெல்லிய சத்தத்தைத் தாங்கும், பெரிய சத்தத்தில் உடைந்துவிடும். அன்று அது எனக்குத் தெரியாது. ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தேன், கேபிளை மாற்றினேன், ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். நான்கு நாட்கள் இப்படியே போயின. "மகன், நான் கொஞ்சம் மெதுவாகப் படிக்கவா?" என்று பெரியப்பா கேட்டார். வாழ்நாளில் அவர் மெதுவாகப் பாடியதில்லை. அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

அவர் பஸ் ஏறிய பிறகு, கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்தும் ஐயா ஒருவரிடம் கருவியைக் கொண்டுபோனேன். ஒலிவாங்கிக் கேபிள் செருகும் எக்ஸ்எல்ஆர் இணைப்பின் மூன்று துளைகளில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். 19 வோல்ட். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையிலும் அதேதான். 48 வோல்ட் என்றால் நான்கு முன்பின் இருக்கலாம், அதாவது 44இலிருந்து 52 வரை. கருவியைப் புரட்டிப் பார்த்த அவர், "தம்பி, பெட்டியைக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார்.

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தொடர் எண் வேறு, கருவியின் அடியில் இருந்த எண் வேறு. பெட்டிப் படத்தில் 'ஏர்' என்று ஒரு பொத்தான் இருந்தது, கருவியில் அது இல்லை. பின்பக்கம் பார்த்தால், மூன்றாம் தலைமுறையில் இருக்க வேண்டிய சிறிய யூஎஸ்பி-சி துளைக்குப் பதிலாகப் பழைய சதுரத் துளை. பெட்டிக்குள் அதற்குப் பொருந்தும் கேபிளையும் மறக்காமல் வைத்திருந்தார்கள். 2016இல் வெளியான இரண்டாம் தலைமுறை அது. அதன் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் பதியப் பார்த்தேன், ஏற்கெனவே வேறொருவரின் கணக்கில் இருந்தது. கருவியோடு வரும் மென்பொருள்களும் அதனால் கிடைக்கவில்லை.

கடைக்குப் போனேன். "பெட்டி திறந்தாயிற்று, இனி எடுக்க முடியாது" என்றார். பிறகு, நான்தான் கருவியை மாற்றிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். என் பற்றுச்சீட்டில் 'ஓடியோ பொருள் 1' என்று மட்டும் எழுதியிருந்தது. மாடலும் இல்லை, தொடர் எண்ணும் இல்லை. மூன்றாம் தலைமுறை என்று அவர் எழுதிய குறுஞ்செய்தி என் தொலைபேசியில் இருந்ததால்தான் முறைப்பாட்டில் காட்ட எனக்கு ஏதாவது மிஞ்சியது.

ஆகவே உங்கள் ஒலிவாங்கியையும் கேபிளையும் நீங்களே கொண்டுபோங்கள். கடையில் உரத்த குரலில் பாடுங்கள், வெட்கப்படாதீர்கள். பெட்டி எண்ணும் கருவி எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அந்த எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. வொரண்டி கடையுடையதா, இறக்குமதி முகவருடையதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் அழைப்போடு நின்றுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு அடுத்த கிளினிக் ஆவணியில். அந்த வாரத்துக்கு நண்பர் ஒருவர் தன் இன்டர்ஃபேஸைத் தந்திருக்கிறார். நேற்றிரவு அதை இணைத்து, கதவைச் சாத்திவிட்டு, தொண்டை கிழியப் பாடிப் பார்த்தேன். ஹெட்போனில் குரல் முழுசாக வந்தது. பின்னால் கடற்கரை ரயில் போகும் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது.