பழைய செவர்லே டிரக்குக்கு எந்த இன்ஜின்? 350, 383 ஸ்ட்ரோக்கர், 5.3

கையில் இருப்பது ஸ்கொயர்பாடி செவர்லே டிரக். 1973-க்கும் 1987-க்கும் இடையில் வந்தது, உள்ளே 350 கன அங்குல வி8. ஆயில் குடிக்கிறது, பாரத்தோடு மேடு ஏறினால் திணறுகிறது, கம்ப்ரஷன் பார்த்தால் இரண்டு சிலிண்டர் கீழே கிடக்கிறது. எப்படியும் இன்ஜினை இறக்கியாக வேண்டும். இறக்கிய பிறகு 350-ஆகவே திரும்பக் கட்டுவதா, பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டி 383 ஸ்ட்ரோக்கர் ஆக்குவதா, அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தலைமுறை 5.3 லிட்டர் வி8-ஐ ஏற்றுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்குக்குப் போரிங் போட்டே (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கியே) ஆக வேண்டும் என்றால் 383. போர் இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் 350-ஐ எளிமையாகக் கட்டிவிட்டு, மிச்சப் பணத்தைக் கியருக்குச் செலவிடுங்கள். ஏன் என்று கணக்கோடு பார்க்கலாம்.

350-ன் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 4.000 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 3.48 அங்குலம். ஜெனரல் மோட்டார்ஸ் 1970 முதல் 1980 வரை விற்ற 400 கன அங்குல இன்ஜினில் ஸ்ட்ரோக் 3.75. அந்த ஸ்ட்ரோக்கை 0.030 அங்குலம் ஓவர்சைஸ் போட்ட (துளையை அவ்வளவு பெரிதாக்கிய) 350 பிளாக்குக்குள் கொண்டுவந்தால் 383 கன அங்குலம். முன்பெல்லாம் 400-ன் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) தேடிப் பிடித்து, அது பேரிங்கில் உட்காரும் 2.65 அங்குல மெயின் ஜர்னலை 350-ன் அளவான 2.45-க்கு லேத்தில் கடைந்து போட்டார்கள். இப்போது அந்த அளவிலேயே புதுக் கிராங்க், ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கம்பி), பிஸ்டன் எல்லாம் சேர்ந்த கிட்டாகக் கிடைக்கிறது.

கொள்ளளவு கூடுவது 9 சதவீதத்துக்குச் சற்று மேல். மற்றவை மாறாவிட்டால் இழுவையும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். ஸ்ட்ரோக் நீளம் என்பதால் நெம்புகோல் நீளம், அதனால்தான் இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் 0.030 ஓவர்சைஸ் போட்ட 400 பிளாக்கில் 350 கிராங்கைப் போட்டால் 377 கிடைக்கும். ஸ்ட்ரோக் குட்டை, போர் அகலம். அதே ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), அதே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் அதன் இழுவையும் 383-க்குப் பக்கத்திலேயே நிற்கும். இழுவையைத் தருவது கொள்ளளவு. டிரக்குக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: அதே ஹெட், அதே கேமில் கொள்ளளவு கூடினால் இழுவையின் உச்சம் கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்கி வரும். பாரம் இழுக்கும் வண்டி வாழ்வதே 1,500-க்கும் 3,500-க்கும் நடுவில்தான்.

சரி, இந்த 9 சதவீதத்துக்கு 383 என்னென்ன கேட்கிறது?

முதலில் இடம். நீண்ட ஸ்ட்ரோக்கில் ராட் போல்ட் அகலமாகச் சுற்றும். சிலிண்டரின் அடிவிளிம்பிலும், சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) உட்காரும் ஓரத்திலும் உரசும். சில ராடுகள் கேமின் லோபையும் (வால்வைத் தள்ளும் மேட்டையும்) தொடும். பிளாக்கை அங்கங்கே அரைத்து, குறைந்தது 0.050 அங்குலம் இடைவெளி விட வேண்டும். ஒரே ஒரு ராடை மாட்டிப் பார்த்துவிட்டு திருப்தி அடையாதீர்கள். எட்டையும் மாட்டி, கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அரைக்கும்போது அதிகம் போனால் தண்ணீர் ஜாக்கெட் ஓட்டையாகிவிடும். அந்த பிளாக்கை அப்புறம் மீட்பது கஷ்டம்.

அடுத்து ராட். 5.7 அங்குல ராடா, 6.0-ஆ என்று நிறைய வாதம் நடக்கிறது. ராட் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 5.7-க்கு 1.52, 6.0-க்கு 1.6. நீண்ட ராடு பிஸ்டனைப் பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும், உண்மைதான். ஆனால் அதற்கான பிஸ்டனில், ராடை மாட்டும் பின்னின் நடுவுக்கும் பிஸ்டன் தலைக்கும் இடையில் 1.125 அங்குலம்தான் மிஞ்சும். பின் துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடும், அதற்குத் தனியாகத் தாங்கு வளையம் வேண்டும். 5.7 ராடில் அது 1.425. 5,000 ஆர்பிஎம் தாண்டாத டிரக்குக்கு 5.7 போதும், ரிங்குக்கு நல்ல இடம் இருப்பது ஆயுளுக்கும் நல்லது.

மிக அதிகமாகத் தப்பு நடப்பது கம்ப்ரஷன் கணக்கில். 64 சிசி சேம்பர் (கலவை எரியும் குழி) உள்ள ஹெட்டோடு தட்டைத் தலை பிஸ்டனைப் போட்டால் 383-ல் கம்ப்ரஷன் 10.3-ஐத் தொடும். இரும்பு ஹெட், சாதாரணப் பெட்ரோல், பின்னால் டிரெய்லர் என்றால் மேட்டில் நாக்கிங் (கலவை நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது) நிச்சயம். டிரக்குக்கு நான் 9.5-க்கு மேல் போக மாட்டேன். இதற்கு வழி இருபது சிசி அளவு குழி உள்ள பிஸ்டன். கூடவே பிளாக்கின் மேல்தளத்தைச் சீவி, பிஸ்டன் உச்சியில் தளத்தோடு சமமாக நிற்கும்படி செய்யுங்கள். சீவாத பிளாக்கில் பிஸ்டன் 0.025 அங்குலம் தாழ்ந்து நிற்கும், 0.041 கேஸ்கெட்டும் சேர்ந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி 0.066 ஆகிவிடும். இது 0.040 பக்கம் இருந்தால் கலவை நன்றாகக் கலங்கி எரியும், நாக்கிங்கும் தள்ளிப்போகும். வெறுமனே கம்ப்ரஷனைக் குறைத்துவிட்டு இந்த இடைவெளியை விட்டுவிடுகிறவர்கள் பலர். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் சரிசெய்ய ஒரு சீவல் போதும்.

பேலன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 400-ன் கிராங்க் வெளியிலிருந்து பேலன்ஸ் ஆவது; அதன் எடை கணக்கில் ஒரு பங்கு முன்னால் உள்ள டேம்பரிலும் (அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பின்னால் உள்ள ஃபிளைவீலிலும் இருக்கும். கிட்டும் அந்த வகை என்றால், பழைய 350-ன் டேம்பரைத் திரும்ப மாட்டக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு 383-ல் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள். ஸ்டியரிங் வரைக்கும் அதிர்ந்தது. கழற்றியபோது மெயின் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருந்தது.

ஹெட்டும் கேமும் சரியில்லாவிட்டால் இத்தனை வேலையும் வீண். 1987 முதல் 1995 வரை டிபிஐ (த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன்) டிரக்குகளில் வந்த ஹெட் 383-க்கு மூச்சு தராது. 1996 முதல் வந்த வோர்டெக் ஹெட் எனக்குப் பிடித்தது: 64 சிசி சேம்பர், கீழ் ஆர்பிஎம்மில் நல்ல காற்றோட்டம். அதற்கென்று தனி இன்டேக் மேனிஃபோல்ட் வேண்டும். வால்வை அதிக உயரம் தூக்கும் கேம் போட்டால் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். கேமைப் பொறுத்தவரை, லிஃப்டர் 0.050 அங்குலம் எழும் இடத்தில் அளந்தால், வால்வ் திறந்திருக்கும் அளவு 205 முதல் 215 டிகிரி வரை போதும். ஐடிலில் குலுங்கும் சத்தம் காதுக்கு இனிமைதான். ஆனால் அந்தச் சத்தம் தருகிற கேம், டிரெய்லரை நகர்த்த வேண்டிய இடத்தில் இழுவையைப் பறித்துக்கொள்ளும்.

இப்போது 350-ன் பக்கம். போர் நன்றாக இருந்தால் ஹோன் அடித்து (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்த்து), ரிங், பேரிங் மாற்றி, மேலே சொன்ன ஹெட்டையும் ஒரு சிறிய கேமையும் போட்டாலே வண்டி வேறு மாதிரி ஓடும். அதோடு கியரைப் பாருங்கள். டிஎச்350 கியர்பாக்ஸில் முதல் கியர் 2.52. பின்னால் 3.08 டிஃப்ரன்ஷியல் என்றால் பெருக்குத்தொகை 7.76. அதை எடுத்துவிட்டு 700ஆர்4 கியர்பாக்ஸும் 3.73 டிஃப்ரன்ஷியலும் வைத்தால், முதல் கியர் 3.06, பெருக்குத்தொகை 11.41. சக்கரத்தில் 47 சதவீதம் கூடுதல் இழுவை! ஸ்ட்ரோக்கர் தருவது 9. நெடுஞ்சாலையிலும் நஷ்டமில்லை: 30 அங்குல டயரோடு மணிக்கு 100 கிலோமீட்டரில் பழைய அமைப்பு 2,140 ஆர்பிஎம்மில் சுற்றும், புதியது 0.70 ஓவர்டிரைவால் 1,820-ல் சுற்றும். பழைய 3.08-ஐ வைத்துக்கொண்டு இன்ஜினுக்கு மட்டும் செலவு செய்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

400-ஐயே தேடிப் போடலாமா என்பவர்களுக்கு: அதன் சிலிண்டர்கள் ஒட்டி நிற்பதால் நடுவில் தண்ணீர் போகாது, ஹெட்டில் நீராவித் துளை போட வேண்டும். நல்ல பிளாக் கிடைப்பதும் அரிது. 454 கன அங்குல இன்ஜின் இழுக்கும், ஆனால் முன் அச்சில் எடை கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். தினமும் பெரிய டிரெய்லர் இழுக்காதவருக்கு அது தேவையில்லை.

உண்மையான போட்டி 5.3. 1999 முதல் டிரக்குகளில் வந்தது, போர் 3.78, ஸ்ட்ரோக் 3.62. ஒவ்வொரு மெயின் கேப்பிலும் ஆறு போல்ட், சிலிண்டருக்கு ஒரு காயில், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். குளிர்காலக் காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும், மலையில் ஏறினால் கார்புரேட்டரில் போல ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) மாற்ற வேண்டாம். மைலேஜிலும் கார்புரேட்டர் போட்ட 383 அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அடி ஆர்பிஎம்மில் நன்றாகக் கட்டிய 383-தான் முந்தும். 58 கன அங்குல வித்தியாசம் சும்மா போகாது. அப்புறம் 5.3-க்கு வேலை இன்ஜினோடு முடிவதில்லை. வயரிங், கம்ப்யூட்டர், உயர் அழுத்தப் பம்ப், மவுண்ட், சம்ப், எக்ஸாஸ்ட் என்று நீளும். தினசரி நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு அந்த உழைப்பு தகும். வாரக் கடைசியில் விறகும் மணலும் ஏற்றுகிறவருக்கு, ஏற்கனவே மாட்டியிருக்கும் மவுண்டிலேயே உட்காரும் 383 நிம்மதி.

383 என்று முடிவெடுத்தால், கிட்டுக்குப் பணம் கட்டும் முன் பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெடிப்பு இருக்கிறதா, 0.030 போட்ட பிறகு சுவர் தடிமன் போதுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்க ஆயில் சீலையும் பாருங்கள். 1985 வரை இரண்டு துண்டு, 1986 முதல் ஒரே துண்டு. டிரக்கின் ஆண்டை நம்ப வேண்டாம், நடுவில் யாராவது இன்ஜின் மாற்றியிருக்கலாம். பிளாக்கிலேயே பார்த்து, அதற்கேற்ற கிராங்கைச் சொல்லி வாங்குங்கள்.