படங்களை ஒண்டாக்கக் கடையில குடுக்கிற ஆக்கள் கவனம்

கிளிநொச்சிப் பக்கம் ஹார்ட் டிஸ்க்கைக் கடையில குடுக்க இருக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ.

2009 சண்டையில இரணைப்பாலையில அல்பங்களை விட்டிட்டு ஓடினம். அம்மாவின்ர கலியாணப் படம் ஒண்டும் மிஞ்சேல்லை. பிறகு கனடா மாமா, பிரான்ஸ் சித்தி, வவுனியாப் பெரியம்மா எண்டு ஒவ்வொரு வீட்டாரும் தங்களிட்ட இருந்ததை ஸ்கான் பண்ணித் தந்தவை. போல்டருக்குள்ள போல்டரா 2,340 படம். எல்லாத்தையும் ரீவியில வரிசையாப் பாக்க அம்மாவுக்கு ஆசை.

"ஒரு வரி கமாண்ட்தான் அண்ணை, எல்லாம் ஒரு போல்டருக்கு வந்திடும்" எண்டார் கடைத் தம்பி. 1,500 ரூபா வாங்கினார். வீட்ட வந்து பாத்தா 700 சொச்சம்தான். திரும்பப் போய்க் கேட்டா, "முதலே அவ்வளவுதான் இருந்தது" எண்டு சாதிச்சார். காசை விடுங்கோ, அந்தப் பொய்தான் எனக்கு ஆறேல்லை.

கம்பஸில படிக்கிற மருமகன்தான் விளங்கப்படுத்தினார். உள்போல்டர் எல்லாம் தேடிப் பிடிக்கிற 'ஃபைண்ட்' கட்டளையில பிழையில்லை. அதோட 'எம்வி'யைச் சேர்த்ததுதான் பிழை. அது நகல் எடுக்காது, ஃபைலையே இடம் மாத்தும். போற இடத்தில அதே பெயரில இன்னொரு படம் இருந்தா, ஒரு சொல்லும் கேளாமல் அதை அழிச்சிட்டு உக்காரும். எல்லா வீட்டு ஸ்கானரும் 0001இலதான் தொடங்கினது. மாமாவின்ர 0001, சித்தியின்ர 0001, பெரியம்மாவின்ர 0001, மூண்டில கடைசியா வந்தது மட்டும் மிச்சம். நகல் எடுக்கிற 'சிபி' போட்டு, 'பேக்கப் நம்பர்ட்' எண்ட ஒப்ஷனையும் குடுத்திருந்தா பழசுக்கு இலக்கம் போட்டு வைச்சிருக்கும், மூலமும் அசையாமல் கிடந்திருக்கும்.

இப்பிடி அழிஞ்சது குப்பைத் தொட்டிக்கும் போகாது. ஆனா டிஸ்க்கில வேற ஒண்டும் எழுதாமல் விட்டா மீட்க வழி இருக்கு. எனக்கு அது தெரியாது. அடுத்த நாளே பிள்ளையின்ர பாட வீடியோக்களை அதில ஏத்திப்போட்டன். மருமகன் அழிஞ்ச படங்களை மீட்கிற ஃபோட்டோரெக் எண்ட மென்பொருளைப் போட்டு 400 அளவில எடுத்துத் தந்தார், பெயர் ஒண்டும் இல்லாமல். தாலி கட்டுற படம் அதுக்குள்ள இல்லை. அதை வைச்சிருந்த பெரியம்மா போன வருசம் மோசம் போயிட்டா.

குடுக்கிறதெண்டா நகலைக் குடுங்கோ, மூலத்தைக் குடுக்க வேண்டாம். முதல் எத்தினை படம் எண்டு எண்ணி எழுதிக்கொண்டு போங்கோ, கடையிலயே வைச்சுத் திரும்ப எண்ணுங்கோ.

மாமாவிட்டத் திரும்ப ஸ்கான் பண்ணக் கேட்டிருக்கிறன். இந்த முறை ஒவ்வொரு படத்தின்ர பெயருக்கும் முன்னால தன்ர பெயரைப் போட்டு அனுப்புறன் எண்டவர்.