அக்குளில் கை கொடுப்பதா, சேலையில் இழுப்பதா, லிஃப்ட் வாங்குவதா?

படுக்கையில் கிடப்பவரை நகர்த்த வேண்டும் என்றால் நம் வீடுகளில் எழும் முதல் பேச்சு, "பையன் வரட்டும், அவன் தூக்கிடுவான்." யாருக்குப் பலம் என்று பார்க்கிறோம். படுத்திருப்பவரால் எவ்வளவு ஒத்துழைக்க முடியும் என்று பார்ப்பதில்லை. எந்த முறையைப் பிடிப்பது என்பதே அதை வைத்துத்தான்.

நான் வார்டில் 18 வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது மதுரைப் பக்கம் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறேன். வார்டில் எனக்கே டிஸ்க் நழுவியது. தூக்கும்போது அல்ல. கட்டிலிலிருந்து சரிந்த ஒருவரைப் பிடிக்க, நின்ற இடத்திலிருந்தே இடுப்பைத் திருப்பிக் குனிந்த அந்த ஒரு நொடியில்.

சமீபத்தில் பார்த்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பக்கவாதத்தில் இடது கை, இடது கால் போய்விட்டது. 60 கிலோ இருப்பார். பகலில் மனைவி மட்டும், மாலையில் மகன். நான் போனபோது மகன் முன்னால் நின்று, இரண்டு அக்குளிலும் கையை விட்டு, "ஏந்திரிங்கப்பா" என்று ஒரே தூக்காகத் தூக்கி வீல் சேரில் உட்கார்த்தினார். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"தோள் வலிக்குதா சார்?"

"பத்து நாளா வலிக்குது சிஸ்டர். பையன்கிட்ட சொல்லலை."

அக்குள் தூக்கல்தான் எல்லாருக்கும் தெரிந்த முறை. செய்யக் கூடாததும் அதுதான். வாதம் அடித்த பக்கத்தில் தோள் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். கையின் பாரத்துக்கே மூட்டு கொஞ்சம் இறங்கிவிடும். அந்தத் தோளில் ஒரு ஆளின் எடையைத் தொங்கவிட்டால் வரும் வலி மாதக்கணக்கில் நிற்கும். தூக்குகிறவருக்கும் நல்லதில்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் சொன்ன கணக்கு: நோயாளியைக் கையால் தூக்கும்போது, எல்லாம் வசதியாக அமைந்தாலும், ஒருவர் மேல் விழும் பாரம் 35 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 16 கிலோ. ஒரு காலின் எடையே உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. வாத்தியாரின் இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கினாலே 20 கிலோ. முழு ஆளைத் தூக்குவது பற்றிப் பேசவே வேண்டாம்.

கட்டிலுக்குள் நகர்த்த: பருத்திச் சேலையா, வழுக்குத் துணியா?

தலைமாட்டை உயர்த்தி வைத்தால் அரை மணி நேரத்தில் ஆள் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்துவிடுவார். மறுபடி மேலே ஏற்ற வேண்டும். இதற்கு நம் பாட்டிமார் கண்டுபிடித்த கருவி பழைய பருத்திச் சேலை. நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி அடியில் விரிப்பது. ஆளுக்கொரு பக்கம் நின்று, விளிம்பை உடம்பை ஒட்டும்வரை சுருட்டிப் பிடித்து, கட்டிலைத் தட்டையாக்கிவிட்டு இழுப்பது. நோயாளி நல்ல காலை மடக்கி ஊன்றி, தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் பாதி வேலையை அவரே செய்துவிடுவார். இழுப்பவர் கையால் இழுக்கக் கூடாது. ஒரு காலை முன்னே வைத்து, உடம்பின் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்ற வேண்டும். மூக்குக் குழாயில் உணவு கொடுத்த கையோடு மட்டும் இதைச் செய்யாதீர்கள், புரையேறும்.

சேலையின் பலவீனம் உராய்வு. பருத்தி விரிப்பின்மேல் பருத்தி நகரும்போது தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமுமாக இழுபடும். படுக்கைப் புண்ணுக்குப் பாதி வழி அதுதான். தவிர, ஆள் இரண்டு வேண்டும். கடையில் விற்கும் வழுக்குத் துணி இந்த இடத்தில் ஜெயிக்கிறது. நைலான் போன்ற துணி, இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும், அவ்வளவுதான் சூட்சுமம். ஒல்லியான ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க ஒருவரே போதும். ஆனால் வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிட வேண்டும். மறந்தால், தலைமாட்டை உயர்த்தியதும் ஆள் சர்ரென்று இறங்கிவிடுவார்.

வாத்தியார் வீட்டு அம்மா கேட்டார், "பழைய நைலான் சேலை இருக்கு, அது ஆகாதா?" ஆகும். இரண்டு மடிப்பாகப் போட்டு, மேலே பருத்திச் சேலையை விரித்தால் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. சறுக்கி நகர்த்த மட்டும். அதில் வைத்து ஆளைத் தூக்கக் கூடாது.

புரட்டும்போது ஒரு விஷயம். முழுக்க ஒருக்களித்து, இடுப்பெலும்பின் மேல் 90 டிகிரியில் படுக்கவைப்பதைவிட, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்ப்பது மேல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவதுதான் வழக்கம். தோல் சிவந்தால் அதற்கு முன்பே. காற்று மெத்தை வாங்கியாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதிகம். மெத்தை புரட்டாது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு: பெல்ட்டா, பலகையா?

ஒரு காலிலாவது ஊன்றி நிற்பார், சொன்னால் புரிந்துகொள்வார் என்றால் என் ஓட்டு இடுப்பு பெல்ட்டுக்குத்தான். இந்தச் சாமான்களிலேயே விலை குறைந்ததும் ஏறக்குறைய அதுதான். நோயாளியின் இடுப்பில், உடுப்பின்மேல், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும்; நாம் பிடித்துக்கொள்வது அதைத்தான். வயிற்றில் அண்மையில் ஆபரேஷன் நடந்தவர், வயிற்றில் குழாய் வைத்தவர், விலா எலும்பு முறிந்தவர் என்றால் பெல்ட் வேண்டாம்.

வாத்தியாருக்கு வலது பக்கம் நன்றாக இருப்பதால் வீல் சேரை வலது பக்கம் சற்றே சாய்த்துப் போட்டேன். பிரேக்கைப் பூட்டி, மிதிகட்டைகளை மடக்கிவிட்டேன். அவரைக் கட்டில் விளிம்புக்கு வரவைத்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி இழுத்து வைத்தேன். "மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற மாதிரி முன்னால குனிங்க சார்." அவருடைய இடது முழங்காலை என் முழங்காலால் அணைகொடுத்து, பெல்ட்டைப் பிடித்து முன்னோக்கிச் சாய்த்தேன். எழுந்தார். நான் தூக்கவே இல்லை. மகனுக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னார்.

"என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அவர் சரிந்தால் உங்கள் கழுத்தோடு சரிவார்.

வழுக்குப் பலகை வேறு ஆட்களுக்கானது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம் போலப் போட்டு, கையை ஊன்றி நகர்ந்து போவது. கால்கள் இரண்டும் வராது, கைகளில் வலு உண்டு, உட்கார்ந்தால் சாயமாட்டார் என்றால் இதற்கு ஈடு இல்லை. வேறொருவர் உதவியே தேவைப்படாமல் போகலாம். விபத்தில் தன் கால்களின் இயக்கத்தை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் வேலூரில் உருவானது போன்ற மறுவாழ்வு நிலையங்களின் அடிப்படையே, தன் உடம்பைத் தானே கையாளப் பழக்குவதுதான். பலகைக்கு நாற்காலியின் கைப்பிடி கழல வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே உயரம் இருக்க வேண்டும். வெறும் தோல் பலகையில் ஒட்டினால் உரியும்; உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியவும் தெரியாது. ஒரு கை விழுந்துவிட்ட வாத்தியாருக்குப் பலகை சரிப்படாது.

லிஃப்ட்

இரண்டு காலும் ஊன்றாது, உட்கார்ந்தால் துவண்டு விழுகிறார் என்றால் பெல்ட்டும் வேண்டாம், பலகையும் வேண்டாம். நோயாளியைத் தூளியில் போட்டுத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்தான். விலை பல பத்தாயிரங்கள். பெரிய ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒருவரின் முதுகைக் காப்பாற்றுவதில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. இருந்தும் பல வீடுகளில் இது மூலையில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் கட்டில்தான். லிஃப்ட்டின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். நம் ஆட்கள் வாங்குவதோ அடியில் பெட்டி வைத்த கட்டில்! பாத்ரூம் நிலைப்படியும் அதே கதைதான். வாங்குவதற்கு முன் டேப் எடுத்துக் கட்டிலடியை அளந்துவிடுங்கள்.

வாங்கியவர்களுக்கு: தூளியின் அளவு ஆளுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நிற வளையங்களை மாட்டுங்கள். இரண்டு அங்குலம் தூக்கியதும் நிறுத்தி, எல்லாக் கொக்கியையும் பார்த்துவிட்டு மேலே போங்கள். கட்டிலிலிருந்து பக்கத்து நாற்காலி வரைக்கும்தான் இது; தொங்கவிட்டபடி ஹாலுக்குத் தள்ளிப் போகாதீர்கள்.

வாத்தியார் மகன் லிஃப்ட் வாங்கத் தயாராக இருந்தார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் சிறு பங்குக்கு, உயரத்தை ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். பழைய கட்டில் என் முழங்கால் உயரம். எந்த முறையாக இருந்தாலும் அந்த உயரத்தில் குனிந்து செய்தால் இடுப்பு போய்விடும். புரட்டுவது, துடைப்பது எல்லாம் நம் இடுப்பு உயரத்தில். அவர் எழுந்து நிற்கும்போது மட்டும் பாதம் தரையில் பதியும் உயரத்தில். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் இந்த பெல்ட் முறையை ஒருதரம் செய்துகாட்டச் சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் போனபோது அம்மாவும் மகனும் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணுவது வாத்தியார். ஒன்று, இரண்டு என்றார். மூன்று என்று வாயெடுப்பதற்குள் மகன் இழுத்துவிட்டார், அம்மா இழுக்கவில்லை, வாத்தியார் கோணலாகப் போய் நின்றார்.

"டேய், மூணுங்கும்போதா, மூணு முடிஞ்ச பிறகா? முதல்ல அதை முடிவு பண்ணு," என்றார்.