களப்புச் செடி மாதிரி: அழுத்தி உலர்த்துவதா, எதனோல் போத்தலா?

மட்டக்களப்புக் களப்பில் கண்டல், கிண்ணை போன்ற உவர்நீர்ச் சேற்று மரங்களின் கிளை, பூக்களைச் சேகரித்து இனம்பிரிப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: அழுத்த இரண்டு பலகை, பட்டி, பழைய பத்திரிகைத் தாள் போதும். போத்தலில் ஊற்றும் 70 வீத எதனோல் (மதுசாரம்) ஆவியாகும். பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும்.

சிரமம்: மாரியில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மெதுவாய்க் காய்ந்தால் தடித்த இலைகள் கழன்றுவிடும். கண்டலின் நீண்ட முளையை நெடுக்காகப் பிளந்தே அழுத்துங்கள். போத்தலில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை கரையும்.

பூ: அழுத்தினால் நசுங்கும். எதனோலில் வடிவம் நிற்கும், நிறம் போய்விடும். நிறத்தைக் களத்திலேயே குறியுங்கள். கிண்ணைப் பூ இரவில் விரிந்து காலையில் கேசரம் உதிர்க்கும், ஆகவே வெள்ளனப் போங்கள்.

பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடிகளைச் சேமிக்கும் இடம்) உள்ள மாதிரிகளோடு ஒப்பிட அழுத்திய கிளைதான் உதவும். சூலகத்தை வெட்டிப் பார்ப்பவர்களுக்குப் போத்தல். டீஎன்ஏ ஆய்வுக்கென்றால் இலைத்துண்டைத் தனியாகச் சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) உலர்த்துவதே நல்லது.