மாஹிம் அலையாத்தியில் குப்பை: கையால் பொறுக்கவா, மிதவைத் தடுப்பு கட்டவா?

தாராவிப் பக்கத்து நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இது. மும்பையின் மித்தி ஆறு அடித்து வரும் பிளாஸ்டிக் மாஹிம் அலையாத்திக் காட்டில் சிக்குகிறது.

செலவு
கை: கம்பூட், கையுறை, சாக்கு போதும்.
மிதவை (நீரின் குறுக்கே மிதந்து குப்பையைத் தடுக்கும் வேலி): வலை, நங்கூரம், படகு, தினம் அள்ள ஆள். கையைக் கடிக்கும்.

வேலை
கை: கடல்நீர் முழுதாக வற்றுவதற்கு 2 மணி நேரம் முன்பே இறங்குங்கள், ஏற்றம் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றில் பென்சில் நட்டது போல நிற்கும். சுற்றிய கவரை வெடுக்கென்று இழுத்தால் வேரும் ஒடியும். கத்தரியால் நறுக்கி எடுங்கள். சாக்கைப் பாதிதான் நிரப்பலாம், ஈரச் சேறு அவ்வளவு கனம்.
மிதவை: பெரிய ஏற்றத்தில் மும்பைக் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் மிதவை முங்கி, குப்பை மேலே தாண்டிப் போகும். ஓட்டத்துக்குச் சாய்வாகக் கட்டினால் ஒரு கரையில் ஒதுங்கும், அள்ளச் சுலபம். சேறேறிய மெல்லிய கவர் அடியில் நழுவிவிடும்.

மழைக்காலம்
மிதவை: அள்ளாமல் விட்டால் பாரம் தாங்காமல் அறுந்துவிடும்.

வேரில் ஏற்கெனவே சிக்கியதற்குக் கைதான். புது வரத்துக்கு நாலா (கழிவுநீர்க் கால்வாய்) வாயில் மிதவை. தினம் அள்ள ஆளில்லாத குழு அதைத் தொடவே வேண்டாம். எதுவானாலும் வனத்துறை அனுமதி முதலில்.