ஹாஸ்கெல்லில் தமிழ் அறிக்கைகள்: வேகம் கிடைத்தது, கோபம் தீரவில்லை

எங்கள் மாதாந்திர அறிக்கைகளைத் தமிழில் உருவாக்கும் நிரல் பல ஆண்டுகளாக ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் ஓடுகிறது. அதே வேலையை அதே மொழியில் தொடங்கலாமா, மெதுவாக இருக்கும் என்கிறார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

அந்த மெதுவுக்குக் காரணம், எழுத்துகளை வைக்க மொழி முதலில் நம் கையில் கொடுக்கும் ஸ்ட்ரிங் என்ற வகை. அது எழுத்துக் குறிகளின் பட்டியல். 64 பிட் கணினியில் பட்டியலில் ஒரு குறியைத் தாங்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட் போகிறது. ஆங்கில எழுத்துக்குப் பெரும்பாலும் அதோடு சரி, ஏனென்றால் யூனிகோடின் முதல் 256 குறிகளுக்கு ஹாஸ்கெல் நிரலை இயங்கவைக்கும் ஜிஎச்சி கம்பைலர் பொதுப் பிரதி வைத்திருக்கிறது. தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை. குறிக்கு இன்னும் 16 பைட். இரண்டு குறிகளான ‘கோ’வை எழுத நினைவகத்தில் 80 பைட், யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமித்த கோப்பிலோ வெறும் 6.

இதற்கு மேல், இரண்டு ஸ்ட்ரிங்கை ஒட்டும் ++ குறி தன் இடப்பக்கத்தை ஒவ்வொரு முறையும் முழுதாக நகலெடுக்கும். வரிகளை வால் பக்கம் ஒட்டிக்கொண்டே போனால், அறிக்கை இரு மடங்கு நீளும்போது வேலை நான்கு மடங்காகும். எழுத்துகளைப் பட்டியலாக்காமல் ஒரே தொகுதியாக நெருக்கி வைக்கும் டெக்ஸ்ட் என்ற வகைக்கு மாறினால் இடம் மிச்சம். ஆனால் அங்கும் ஒட்டுவதென்றால் நகல்தான். “டெக்ஸ்ட் பயன்படுத்துங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

வெளியீட்டைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தரும் பைட்ஸ்ட்ரிங் பில்டர் என்ற கருவிதான் எங்களைக் காப்பாற்றியது. துண்டுகளை <> கொண்டு கோத்தால் எதுவும் நகலாவதில்லை, எழுத வேண்டிய முறை மட்டும் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசியில் பைட்டுகள் நேராகக் கோப்பின் இடையகத்தில் இறங்குகின்றன. சார்புகளின் வடிவத்தைக் கலைக்க வேண்டியிருக்கவில்லை. தரவு வகைகளை மாற்றியதும், விட்டுப்போன இடங்களைக் கம்பைலரே ஒவ்வொன்றாகக் காட்டியது. இத்தனை நிம்மதியாக வேறெந்த மொழியிலும் நான் நிரலைத் திருத்தியதில்லை. 2021 டிசம்பரில் வந்த டெக்ஸ்ட் 2.0 உள்ளுக்குள்ளேயே யுடிஎஃப்-8க்கு மாறியதும் நல்லதே. தமிழ்க் குறிக்கு 2 பைட்டாக இருந்தது 3 ஆயிற்று, ஆனாலும் எழுதும்போது குறியாக்கம் மாற்றும் வேலை ஒழிந்தது.

அதே பில்டரில்தான் ஸ்ட்ரிங்8 என்ற சார்பும் இருக்கிறது. எழுத்தின் கடைசி 8 பிட்டை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. அண்மையில் ஒரு வெளி நூலகத்தைச் சேர்த்ததும் வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் குப்பையாக அச்சாகின. தோண்டிப் பார்த்தால் உள்ளே இதுதான். ஆவணத்தில் எழுதியிருக்கிறதாம்! வகைகளைக் கொண்டு பிழையைத் தடுப்பதே தன் பலம் என்னும் மொழி, ஒரு பெயர் சிதைவதைத் தடுக்க வேண்டாமா? மதிப்புகளைப் படிக்கும் எழுத்தாக்கித் தரும் ஷோ என்ற சார்பிடம் ‘க’ என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் \2965 என்று காட்டுகிறது. பிழைப்பதிவைத் திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள். எந்த வாடிக்கையாளரின் பதிவு சிக்கியது என்று கண்ணால் படிக்க முடியாது.

வேகத்தில் இப்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் நிரலை வேறு மொழிக்கு மாற்றவும் மாட்டேன். ஆனால் தமிழில் அச்சிடப் புதிதாக ஒன்றைத் தொடங்கும் நண்பருக்கு, இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.